கம்பளிக் குல்லாயைத் துவைக்கும் முறை

1

அஸ்தம்பட்டியிலிருந்து என் தங்கை மகன் செங்கோடன் கடிதம் எழுதியிருக்கிறான். பட்டாளத்தில் சேர்ந்து இத்தாலி வரை போய், கைகால்கள் குறையாமல் ஊர் திரும்பியவன். வரும்போது இரண்டு கம்பளிக் குல்லாய்கள் கொண்டுவந்தானாம். ஒன்றை அவன் அம்மா மற்றத் துணிகளோடு சேர்த்து வெளுக்கப் போட்டுவிட்டாள். உவர்மண்ணில் ஊறி, வெள்ளாவியில் வெந்து, கல்லில் அடிபட்டு வீடு திரும்பியபோது அது ஒரு தேங்காய்க்கு மாட்டும் அளவில் இருந்ததாம். "இன்னொன்றையாவது காப்பாற்ற வேண்டும் மாமா. நீங்கள் குளிர் நாட்டில் கால் நூற்றாண்டாக இருப்பவர். முறையை விவரமாக எழுதுங்கள். இங்கே நம் மாதப் பத்திரிகையிலும் போடுவதாகச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறான்.

சேலத்தில் கம்பளிக் குல்லாய் எதற்கு என்று நான் கேட்கப்போவதில்லை. மார்கழி விடியலில் ஏற்காட்டுச் சாலையில் உலாவப் போகிறவர்கள் துண்டால் காதை மூடிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். குளிர் அவ்வளவு இல்லாவிட்டாலும் அதற்குக் கொடுக்கும் மரியாதை எங்கள் ஊரில் அதிகம்.

தவிரவும், முறையைக் கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. இங்கே கிளாஸ்கோவில் ஒரு கப்பல் கம்பெனியில், இந்திய மாலுமிகளின் காகிதங்களைப் பார்க்கும் மேசையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகும், அங்கே எவ்வளவு காலம் தூங்கும், என்ன வார்த்தை எழுதினால் விழித்துக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். குல்லாய்க்கும் முறை உண்டு. அதோடு, குல்லாய் விஷயத்தில் இன்று எங்கள் வீட்டில் ஓர் ஆண்டு நிறைவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். பத்திரிகைக்காரர்கள் வேண்டாததை வெட்டிக்கொள்ளட்டும்.

2

எப்போது துவைப்பது: குளிர்காலம் முடிந்து, பெட்டியில் வைப்பதற்கு முன். அழுக்கோடு வைக்கக் கூடாது. தலை வேர்வையும் எண்ணெயும் ஊறிய கம்பளியைத்தான் அந்துப்பூச்சி தேடி வரும். சுத்தமான கம்பளியில் அதற்கு ருசி இல்லை. இது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் சிக்கலாகிப் போனதே இந்த 'எப்போது'தான்.

என் மனைவி நல்லம்மாளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தவள் மேல்மாடியில் குடியிருக்கும் மார்கரெட் அம்மாள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, மற்றவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பேசிக்கொள்ள முடியாததாலோ என்னவோ, வேலை சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. நல்லம்மாள் பின்னிய எல்லாக் குல்லாயிலும் விளிம்பில் ஒரு வரி வெள்ளை ஓடும். அவள் பிறந்தது ராசிபுரம். சுற்றிலும் தறி. கரை இல்லாத துணியை அவளால் துணியாக மதிக்க முடியவில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை, நாச்சிமுத்து. இங்கே பிறந்தவன். அம்மா அவனைச் 'சாமி' என்று கூப்பிடுவாள். அதனால் சின்னதாக இருப்பவை எல்லாம் சாமி என்று எண்ணிக்கொண்டு, தெரு நாயிடம் "வாங்க சாமி, உக்காருங்க" என்பான். அந்த மரியாதையெல்லாம் பள்ளிக்கூடம் போகும் வரைதான். அங்கே அவன் 'நாட்' ஆனான். நாங்கள் தமிழில் கேட்போம், ஆங்கிலத்தில் பதில் சொல்வான். பிறகு இரண்டாம் முறை கேட்டால்தான் சொல்வான். பிறகு தோளைக் குலுக்குவதோடு சரி.

போர் வந்ததும் எங்களைக் கேட்காமல் சரக்குக் கப்பலில் சேர்ந்தான். அவன் கையெழுத்திட்ட படிவம் எந்த அலமாரியில் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். ஏன் கையெழுத்திட்டான் என்பது தெரியாது. கேட்டேன். தோளைக் குலுக்கினான்.

கிளம்பிய அன்று காலை, அம்மா புதிதாகப் பின்னிய கருநீலக் குல்லாயை அவன் தலையில் மாட்டிக் காது வரை இழுத்துவிட்டாள். அதுவரை போட்டிருந்த, அதே நிறப் பழையதை அவன் முன்பே கழற்றி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தான்.

"போயிட்டு வாரேன்னு சொல்லோணும் சாமி. போறேன்னு சொல்லப்படாது."

"வாரேம்மா" என்றான். அவன் தமிழில் பேசி நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

படியில் அவன் காலடிச் சத்தம் அடங்குவதற்குள், குளிர்காலம் முடிந்துவிட்டதே, துவைத்து வைத்துவிடலாம் என்று அந்தப் பழைய குல்லாயை எடுக்கப் போனேன். நல்லம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்கா? பையன் இன்னும் தெருமுக்குத் தாண்டல. போய்ச் சேந்துட்டேன்னு சேதி வாரதுக்குள்ள அவன் கழட்டிப் போட்ட துணியத் தொவைப்பாங்களா?"

3

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளையவர்கள் மறந்திருக்கலாம் என்பதால் சொல்கிறேன். வீட்டிலிருந்து ஒருவர் வெளியூர் கிளம்பினால், அவர் போய்ச் சேரும் வரை வீட்டைக் கழுவக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, அவர் கழற்றிய துணியை நனைக்கக் கூடாது. ஏனென்றால் இவையெல்லாம் பிணம் வாசலைத் தாண்டியதும் செய்கிற வேலைகள். என் அப்பா நிலத் தகராறுக்காக எங்கள் கிராமத்திலிருந்து சேலம் கோர்ட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவார். அன்று பொழுது சாயும் வரை அவர் வேட்டி கொடியில் அப்படியே கிடக்கும். அம்மா வாளியைத் தொடமாட்டாள். விளக்கு வைத்ததும், "இந்நேரம் போயிருப்பாங்க" என்று அவளாகவே சொல்லிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பாள்.

சேலம் போய்ச் சேர ஒரு பகல். ஆகவே அந்த விதியின் நீளமும் ஒரு பகல்தான். சமவெளிக்காரர்கள், மாட்டின் நடையை மனதில் வைத்து வகுத்த விதி அது. வடகடலில், போகிற ஊரின் பெயரைக் கூட வீட்டில் சொல்லக் கூடாத கப்பல்களை அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

இதில் படிக்கட்டு வேறு சேர்ந்துகொண்டது. நாங்கள் இருப்பது பல குடும்பங்கள் ஒரே கல்படிக்கட்டில் ஏறி இறங்கும் கட்டடம். வாரத்துக்கு ஒரு வீடாக முறை வைத்து அந்தப் படிகளைக் கழுவ வேண்டும். முறை வந்திருக்கும் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். அட்டை எங்கள் கதவுக்கு வந்தது. நல்லம்மாள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்கினாள்.

"நானாவது கழுவுறேன்" என்றேன்.

"நீங்களும் இந்த ஊட்டு ஆளுதானுங்களே? அவன் எறங்கிப் போன படிங்க அது."

"கட்டடத்துல கேப்பாங்களே, என்ன சொல்றது?"

"இடுப்பு வலின்னு சொல்லுங்க. இந்த ஊருல எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க."

இடுப்பு வலி என்றே சொன்னேன். மார்கரெட் அம்மாள் எங்கள் முறையையும் சேர்த்துக் கழுவினாள். எங்கள் கதவுக்கு நேராக வரும்போது மட்டும் வாளியைக் கொஞ்சம் பலமாக வைப்பாள்.

4

எதில் துவைப்பது: காரம் இல்லாத சோப்புச் சீவலில். வெந்நீர் ஆகாது. முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. தேய்க்காதே, முறுக்காதே, கல் பக்கமே கொண்டுபோகாதே. செங்கோடா, இந்த மூன்றையும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டவும்.

போரில் சோப்புக்கும் பங்கீடு வந்தது. சோப்பு இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு எங்கள் பக்கத்தாரிடம் விடை உண்டு: எண்ணெய் வைத்த தலைக்குத் தேய்க்கும் இலைத்தூள், அரப்பு. தலைக்கு ஒத்துக்கொள்வது ஆட்டுமயிருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமா? நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். கம்பளி சுருங்குவதில்லை. வெளுப்பான கம்பளியில் மட்டும் இலையின் பச்சை லேசாகத் தங்கிவிடும்.

போருக்கு முன்பு நல்லம்மாளின் அண்ணன் ராசிபுரத்திலிருந்து ஆண்டுதோறும் நெய்யும் அரப்புத்தூளும் பார்சல் அனுப்புவார். நெய் வந்து சேரும்போது அதை அரப்புப் போட்டுக் கழுவ வேண்டிய நிலையில் இருக்கும். அரப்பு நல்லபடியாகவே வரும், ஆனால் சுங்கக்காரரைத் தாண்ட வேண்டும். இது உணவா, மருந்தா, சாயமா என்று கேட்டார் ஓர் அதிகாரி. அவருடைய அட்டவணையில் நான்காவதாக ஒரு கட்டம் கிடையாது. சோப்பு என்றேன். நம்பாமல் கிண்ணத்தில் கரைத்துப் பார்த்து, நுரை வந்ததும் மூன்று தும்மல் தும்மி, சோப்பு என்றே எழுதிக்கொண்டார். எண்ணெய்க்கு இவ்வளவு பாடில்லை. தலைக்கு வைக்கும் விளக்கெண்ணெயை இங்கே மருந்துக்கடையில் பேதிக்கு விற்கிறார்கள். நான் பெரிய பாட்டிலாக வாங்குவேன். கடைக்காரர் எங்கள் குடும்பத்தின் வயிற்றை நினைத்து வெகு காலம் இரக்கப்பட்டிருக்கிறார்.

நாச்சிமுத்து கப்பலேறியபோது டின்னில் கடைசிக் கை அரப்பு இருந்தது. பார்சல் நின்றுபோயிருந்தது. நல்லம்மாள் அதை மூடி, மேல் பலகையில் வைத்துவிட்டு எனக்கு உத்தரவு போட்டாள்: "இது என் சாமிக்கு. வந்ததும் எண்ணெ வெச்சுத் தலைக்கு ஊத்தோணும். தொட்டீங்கன்னா பாருங்க."

அரப்புக்கு எங்கள் ஊரில் இன்னொரு வேலையும் உண்டு. என் அப்பா இறந்தபோது, எடுப்பதற்கு முன், உறவுக்காரர்கள் வரிசையாக வந்து அவர் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்தார்கள். உயிரோடிருப்பவர் தலைக்கு உள்ளங்கை. இறந்தவர் தலைக்குப் புறங்கை. நான் உள்ளங்கையில் எடுக்கப் போனேன். யாரோ என் கையைத் திருப்பிவிட்டார்கள்.

5

கப்பல்கள் தொலைவதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் 'தாமதம்' என்பார்கள். அடுத்து 'தகவல் இல்லை'. அடுத்து 'காணவில்லை'. கடைசியில் 'மூழ்கியதாகக் கருதப்படுகிறது'. வேலையில் இருந்தபோது இந்த நான்கையும் நானே பலருக்கு எழுதியிருக்கிறேன். தமிழில், உருதுவில், வங்காளிக்கு ஆள் வைத்து. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போன எந்தக் கப்பலும் பின்னோக்கி வந்ததில்லை.

ஆகவே என் பழைய அலுவலகத்துக்குப் போய், என் பழைய மேசையில் உட்கார்ந்திருந்த இளைஞனிடம் கப்பல் பெயரைச் சொன்னபோது, அவன் எழுந்து நின்றதுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முதல் மூன்று சொற்களுக்கு எழுந்து நிற்கும் வழக்கமில்லை. நான்காவதற்குத்தான் நிற்க வேண்டும். அந்த வழக்கத்தை அங்கே ஏற்படுத்தியவன் நான்.

வீட்டுக்கு வந்தேன். நல்லம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"போய்ச் சேந்துட்டான்னு சொன்னாங்களா?"

"இல்லை."

"அப்பறம் என்னதானுங்க சொன்னாங்க?"

'கருதப்படுகிறது' என்பதை எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்ல வழியில்லை. "கப்பல் முழுகிப்போச்சுன்னு வெச்சுக்கறாங்க" என்றேன்.

"பாத்தவங்க இருக்காங்களா?"

"இல்லை."

"அவுங்க வெச்சுக்கிட்டும். நாம எதுக்குங்க வெச்சுக்கோணும்?"

முறையாகப் பதிவான கேள்வி.

சேதி கட்டடத்தில் பரவியது. மார்கரெட் அம்மாள் ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போக எழுந்தவள், கதவுக்குப் பின்னால் தொங்கிய குல்லாயைப் பார்த்தாள். அவன் தலை வேர்வையில் விளிம்பு கெட்டியாகி, வெள்ளை வரி பழுப்பேறியிருந்தது. என் பங்கு சோப்பு மிச்சம் இருக்கிறது, கொடுங்கள், துவைத்துத் தருகிறேன் என்றாள். அந்த நாட்களில் ஒருவர் தன் பங்குச் சோப்பைக் கொடுப்பது சாதாரணமில்லை. கையை நீட்டியும் விட்டாள்.

நல்லம்மாள் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "வேண்டாமுங்கக்கா. அவன் இன்னும் போய்ச் சேரல."

என்ன சொல்கிறாள் என்று மார்கரெட் அம்மாள் என்னைக் கேட்டாள். "நன்றி சொல்கிறாள்" என்று மொழிபெயர்த்தேன்.

6

பாதுகாப்பது: துவைத்து நன்றாக உலர்ந்த குல்லாயைத் துணியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு வைக்கவும். நம் ஊரில் வேப்பிலைச் சருகு போதும். துவைக்காத குல்லாய்க்கு எந்த உருண்டையும் உதவாது. நான் ஆணியைச் சுற்றி நான்கு உருண்டைகளைத் துணியில் முடிந்து கட்டிப் பார்த்தேன். வீட்டில் மனிதர்களுக்குத்தான் மூச்சு முட்டியது.

முதல் ஓட்டையை நான் பார்த்தது ஒரு வசந்த காலத்தில். கடுகளவு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"அந்து புடிச்சுருச்சு நல்லம்மா. தொவைக்காம வெச்சா மொத்தமும் போயிரும்."

அவள் ஊசியில் கருநீல நூலைக் கோத்து, நனைக்காமலே அந்த ஓட்டைக்கு இழை ஓட்டினாள். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கும் ஓட்டினாள். பூச்சி ஒரு பக்கம் தின்றது. இவள் ஒரு பக்கம் பின்னினாள். நாள் போகப் போக அந்தக் குல்லாயில் அவன் போட்டிருந்த நூல் குறைந்து, அவன் தலையில் ஏறாத நூல் கூடிக்கொண்டே வந்தது. அது அவளுக்கே தெரிந்திருந்தது. இழை ஓட்டும்போது, அவன் தலை வாசத்துக்காக, குல்லாயை முகத்தருகே கொண்டுபோவாள். முன்பு அவ்வளவு அருகே கொண்டுபோக வேண்டியிருந்ததில்லை.

துவைத்தால் குல்லாய் மிஞ்சும், பிள்ளை வரமாட்டான் என்று ஆகிவிடும். துவைக்காவிட்டால் பிள்ளை வரக்கூடும், குல்லாய் மிஞ்சாது. இந்த இக்கட்டுக்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது.

போர் முடிந்தது. எங்கள் தெருவில் பையன்கள் மூட்டையும் சிகரெட்டுமாக வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு முறை படியில் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதும் நல்லம்மாள் கையிலிருக்கும் வேலையை நிறுத்துவாள். சத்தம் எங்கள் கதவைத் தாண்டி மேலே போகும். அவள் வேலையைத் தொடர்வாள். வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்து முடிந்தார்கள். படிக்கட்டு பழையபடி அமைதியானது.

7

சென்ற ஆண்டு இதே நாள் காலையில் நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். நல்லம்மாள் குல்லாயை ஆணியிலிருந்து எடுத்து உதறினாள். உள்மடிப்பிலிருந்து வெள்ளைப் புழு ஒன்று தரையில் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் சாமியப் பூச்சி திங்க உட்டுப்போட்டு உக்காந்திருக்கறனேங்க" என்றாள். அழவில்லை. பிறகு, "தண்ணி வெய்யுங்க. வெதுவெதுன்னு" என்றாள்.

வைத்தேன். முழங்கையை விட்டுப் பார்த்தேன். சூடும் தெரியவில்லை, குளிர்ச்சியும் தெரியவில்லை. அதற்குள் அவள் மேல் பலகையிலிருந்து அரப்பு டின்னை இறக்கியிருந்தாள். விளக்கெண்ணெய் பாட்டிலையும் எடுத்து வைத்தாள்.

"நல்லம்மா, கம்பளியில எண்ணெ படக்கூடாது."

"தெரியுமுங்க."

துவைத்த பிறகு வடிவம் கெடாமல் இருக்க, குல்லாயைக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் மாட்டி உலர்த்துவது வழக்கம். அதற்கென்றே ஒரு கிண்ணம் வைத்திருந்தேன். அவள் அதைத் துவைப்பதற்கு முன்பே மேசையில் கவிழ்த்து, குல்லாயை அதன்மேல் மாட்டினாள். வரிசை தப்புகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விரல்களை எண்ணெயில் நனைத்தாள். கையைத் திருப்பினாள். புறங்கையால் குல்லாயின் உச்சியில் வைத்தாள். பிறகு அரப்பு. அதுவும் புறங்கையால்.

"நீங்களும் வெய்யுங்க" என்றாள்.

வைத்தேன். இந்த முறை என் கையை யாரும் திருப்பிவிட வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் அவள் துவைத்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மீதி அரப்பைக் கரைத்து, குல்லாயை அமிழ்த்தி, தேய்க்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கி அமுக்கி எடுத்தாள். தண்ணீரை மாற்றினாள். முறுக்கவில்லை. துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, மறுபடி கிண்ணத்தின் மேல் மாட்டி, அடுப்பிலிருந்து தள்ளி ஜன்னலோரம் வைத்தாள். டின்னைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

பிறகு வாளியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று எங்கள் முறை இல்லை. அட்டை மேல்மாடிக் கதவில் தொங்கியது. அவள் எங்கள் வாசற்படியில் முழங்காலிட்டு, அவன் இறங்கிப் போன ஒவ்வொரு படியாகக் கழுவிக்கொண்டு கீழே போனாள். சத்தம் கேட்டு மார்கரெட் அம்மாள் கதவைத் திறந்தாள். அட்டையைப் பார்த்தாள், கீழே பார்த்தாள். உள்ளே போய்த் தன் வாளியைக் கொண்டுவந்து, சத்தமில்லாமல் கீழே வைத்து, மேல் படியிலிருந்து தேய்க்கத் தொடங்கினாள். நான் மொழிபெயர்க்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

செங்கோடா, இதற்குள் உனக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. உலர இரண்டு நாள் ஆனாலும் வெயிலில் வைக்காதே. நடுவில் எடுத்துத் தலையில் போட்டுப் பார்க்காதே. அரப்பில் துவைத்தால் வெள்ளை நூலில் பச்சை தங்கும், பாதகமில்லை. எங்களுடையது சுருங்கவில்லை. அவன் தலையளவு அப்படியே இருக்கிறது.